முதல் தட்டிலேயே இணைந்தது

மாவுக் கிடங்கில் வேலை என்றால் கணினிக்குள்ளும் மாவு போகும். அதைத் துடைப்பதுதான் என் முதல் வேலை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா.

இயக்குநர் ஜான்கெல்தியை எல்லோரும் ஜாக்கே என்போம். பெரிய மனிதரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது ஷிம்கென்டில் மரியாதை இல்லை. ஜாக்கேவுக்குக் கம்பி என்றாலே ஆகாது. "கயித்துல கட்டி இழுக்கறதெல்லாம் ஆட்டுக்குத்தான்டா துலேகென், டைரக்டருக்கு இல்ல" என்பார். மௌஸ், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் கம்பியில்லாமல் வந்தன. எங்கள் வழக்கப்படி, புதுப்பொருளைக் காட்டினால் பார்த்தவர் பாய்காஸி என்று ஏதாவது பரிசு தரவேண்டும். குழந்தையின் புதுச் செருப்புக்குத் தருவது அது. ஜாக்கே மௌஸை உள்ளங்கையில் ஏந்தி அறை அறையாகப் போனார். கணக்காளர் ரௌஷான் அக்கா சாக்லெட் பெட்டியை நீட்டிவிட்டு, "அடுத்து இதுக்குத் தொட்டில் விழா வைப்பாரு, பாரு" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

இணைத்துத் தரவேண்டியவன் நான். ஒவ்வொன்றுக்கும் அவர் தன் முழுப்பெயரையே வைத்திருந்தார். மடிக்கணினியின் புளூடூத் பட்டியல் முழுக்க ஒரே ஜான்கெல்தி. மௌஸ் என்று தட்டினால் ஸ்பீக்கர் அலறும். பெயரை மாற்றலாமே என்றேன். "என் பேரு உனக்கு இடிக்குதா?" என்றார்.

தலைநகர் அஸ்தானாவிலிருந்து விருந்தாளிகள் வந்த அன்று மௌஸ் அசையவே இல்லை. "ஒரு பொட்டியோட ஒரு பொட்டியச் சேத்துவைக்கத் துப்பில்ல. இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஐகன்யாவும் சிரித்தாள். அந்த வாரம் என் வீட்டார் அவளைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபம் எதுவும் இல்லை.

பாய்காஸி கேட்காமல் ஜாக்கே வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: காது கேட்கும் கருவி. உள்ளே வைத்தால் வெளியே தெரியாது. "வெளிய மூச்சு விட்ட, தொலைஞ்சடா" என்றார். அதற்கு மட்டும் தன் பெயரை வைக்கவில்லை. கணினியோடு இணைந்தால் கணினியில் ஓடுவதுதான் காதில் விழும், வெளிச்சத்தம் அடங்கிவிடும். அந்த எச்சரிக்கையை அவருக்குப் படித்துக்காட்டியவனே நான்தான்.

வியாழக்கிழமை அது மறுபடியும் இணையவில்லை. "சரி பண்ணி வை. முடிஞ்சதும் சொல்லு" என்று மடிக்கணினியை என் மேசையில் வைத்துவிட்டு, கருவியைக் காதில் மாட்டிக்கொண்டே முற்றத்துக்கு இறங்கினார். என் ஜன்னலுக்கு நேர்கீழே நின்று மூட்டை தூக்குபவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுப்பக்கம் மாவு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்கு அவர் தெரிய வழியில்லை. லாரியின் எச்சரிக்கை ஒலி எனக்கு நன்றாகக் கேட்டது.

பட்டியலில் ஜான்கெல்தி என்று பெயரில்லாதது அந்தக் கருவி ஒன்றுதான். தவறு நடக்க இடமே இல்லை. ஒரு தோம்பிரா இசையை ஓடவிட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டுத் தட்டினேன். இத்தனை மாதத்தில் அன்றுதான் முதல் தட்டிலேயே இணைந்தது. கீழே ஆட்கள் கைகளை வீசிக் கத்தினார்கள். தன்னை எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று நினைத்து அவரும் கையை வீசித் திட்டினார்.

முடிந்ததும் சொல்லச் சொல்லியிருந்தார் அல்லவா? சொன்னேன். ஜன்னலைத் திறந்து, "ஜாக்கே, கனெக்ட் ஆயிடுச்சு!" என்று சத்தமாகவே சொன்னேன். ரௌஷான் அக்காவைக் கேட்டுப்பாருங்கள். ஜாக்கே காதில் விழவில்லை என்றால், அதற்கு நான் என்ன செய்யமுடியும், ஐயா?