கிடந்தாள் மேடு

கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் மணல் மட்டுமே நிலம் என்று கிடந்த காலம். அந்தக் காலத்தில் இதே சாயக்கேணியில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாளாம். அவளை அழகி என்று யாரும் சொன்னதில்லை. கோபக்காரி என்று எல்லோரும் சொன்னார்களாம். அந்தக் கோபத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். கம்புகளைக் கீழே வையுங்கள். உட்காருங்கள். வெயில் ஏறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

ஏன் இன்றைக்கு என்று கேட்கிறீர்களா? முந்தாநாள் நம் சாயவேர்ச் சங்கத்துக்கு ஒருவர் காரில் வந்தார். நம் சிவப்புத் துணியைத் தடவிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வாயாரப் புகழ்ந்தார். புகழ்ந்து முடித்து, "வேரை ரெண்டு மடங்கா எடுங்கம்மா, இந்த ஒரு வருஷம் மட்டும்" என்றார். நம்மில் சிலர் தலையை ஆட்டினோம். ஆட்டியவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். கதை சொல்கிறேன்.

அப்போதும் வேர் தோண்டியவர்கள் பெண்கள். துணி தோய்த்தவர்கள் ஆண்கள். பெண்கள் விடியலில் மேட்டுக்குப் போவார்களாம். இரும்புப் பூண் போட்ட கம்பால் மணலைக் கிளறி, நூல் மாதிரி ஓடும் சாயவேரை அறாமல் உருவுவார்களாம். உருவியதும் ஒரு வேரைக் கடிப்பார்களாம். கடித்த எச்சிலை உள்ளங்கையில் துப்பி, இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்ப்பார்களாம். மஞ்சள் எச்சில் சிவந்தால் வேர் முற்றியது. சிவக்காவிட்டால் அந்தப் பக்கம் இந்த வருஷம் கம்பு வைக்கக் கூடாது. இரண்டு மழை குடிக்காத வேரில் நிறம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்தச் செடியின் விதை தூசியைவிடச் சிறியது. பொறுக்க முடியாது, முடிந்துவைக்க முடியாது, தூவ முடியாது. செடியே நின்று, காய்ந்து, தானாக உதிர்க்க வேண்டும். அதனால் எங்கே எடுப்பது என்பதைவிட எங்கே விடுவது என்பதுதான் வேலை. அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. பெண்களின் பல்லிலும் காலிலும் இருந்தது.

பேர் யாருக்குப் போயிற்று? தோய்த்தவனுக்கு. சந்தைக்குத் துணியோடு போனவன் அவன். "சாயக்கேணிக்காரன் கை வைத்தால் நூறு சலவைக்கும் வெளுக்காது" என்று பாராட்டு வாங்கியவன் அவன். அந்தச் சாயக்காரர்களுக்குத் தலைவன் சங்கிலி. சடைச்சியின் கூடப்பிறந்த அண்ணன். நல்லவன். ஆனால் மேட்டை ஒரு நாளும் ஏறிப் பார்க்காதவன்.

அப்படி இருக்கும்போது அருணகிரி என்று ஒரு குத்தகைக்காரன் வந்தானாம். ஜமீனில் பேசி, மணல் மேடு முழுவதையும் குத்தகைக்கு எடுத்தவன். பல்லக்கில் வந்தான், கிணற்றடியில் இறங்கினான், ஆண்களைக் கூப்பிட்டான்.

"சங்கிலி, உங்க சிவப்புக்குக் கப்பல் காத்துக்கிட்டு நிக்குது. ரெண்டு மடங்கு துணி வேணும்."

"அவ்வளவு வேர் வருமாங்க ஐயா?"

"வேர் மண்ணுலதானே இருக்கு? ஆள் நான் தாரேன். தோண்டிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இந்த ஒரு வருஷம் மட்டும்."

சங்கிலி என்ன சொன்னான்? வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றானா? தங்கச்சியைக் கேட்டானா? இல்லை. வேர் என்றால் வேர் என்று நினைத்தான். அவன் கைக்கு வந்த வேரெல்லாம் ஒரு பெண் கடித்துத் தேர்ந்த வேர் என்பது அவனுக்குத் தெரியாது. முப்பது வருஷம் தோய்த்தவனுக்கு அது தெரியாது! ஓலையில் கீறிக் கொடுத்துவிட்டு, புது வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தானாம்.

சடைச்சி கேட்டாளாம்: "யாரைக் கேட்டுக் குடுத்த?"

"ஆம்பளைங்க பேசி முடிச்சாச்சு, ஆத்தா."

"மேட்டுல ஒரு நாள் குனிஞ்சிருக்கியா நீ? உன் முதுகுக்கு மணல் எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

"ஒரு வருஷந்தானே. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?"

"ஒரு வருஷத்துக்கு மூச்சை நிறுத்திட்டு அடுத்த வருஷம் விட்டுக்கிறியா? செஞ்சு காட்டு, பார்ப்போம்."

அவன் சிரித்தானாம். கூட இருந்தவர்களும் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வந்தார்கள். மேற்கே மழை பொய்த்த ஊர்களிலிருந்து நூறு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். பாவம், அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், பசியில் வந்தவர்கள். முற்றியது பிஞ்சு பார்க்கவில்லை. கடிக்கவில்லை, துப்பவில்லை. வடக்கு மேட்டைக் கொத்தினார்கள். நடு மேட்டைக் கொத்தினார்கள். விதை உதிர்க்க நின்ற செடியையும் பூவோடு வாரினார்கள். வேர் மலையாகக் குவிந்தது. பெண்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஆண்கள் தோய்த்தார்கள். கடுக்காய் போட்டார்கள், படிகாரம் போட்டார்கள், வேரைப் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். துணி செங்கல் நிறத்தில் வந்தது. இன்னும் வேர் போட்டார்கள். பார்வைக்குச் சிவந்தது. மூட்டை கட்டி அனுப்பினார்கள். கப்பல் துறையில் பத்து நாள் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் மூட்டை கிடந்தது. பிரித்துப் பார்த்தால், சிவப்பு வழிந்து மடிப்புக்கு மடிப்பு திட்டுத்திட்டாக நிற்கிறது.

அத்தனை மூட்டையும் திரும்பி வந்தது. நூறு சலவைக்கு வெளுக்காத பேர் ஒரே ஈரத்தில் கரைந்தது. சாயக்கேணித் துணி என்றால் சந்தையில் காறித் துப்பினார்களாம்.

அருணகிரி வந்தான். சங்கிலியையும் மற்ற சாயக்காரர்களையும் உச்சி வெயிலில் நிற்கவைத்து, கழுத்தில் அந்தத் துணியை ஈரமாகச் சுற்றினான். வேர்வை வழிய வழியச் சாயம் மார்பில் வழிந்தது. "திருட்டுப் பயல்களா! நல்ல சாயத்தை யாருக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

இப்போது ஆண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது என்றார்களா? தப்பு எங்களுடையது என்றார்களா? "பொம்பளைங்கதான் ஏதோ பண்ணியிருக்காளுக. மணலைச் சபிச்சிருக்காளுக" என்றார்கள்! சங்கிலியும் சொன்னான். கூடப்பிறந்தவனும் சொன்னான்.

அப்போதுதான் சடைச்சி கூட்டத்துக்குள் வந்தாளாம். கையில் இரண்டு வேர். ஒன்று கொத்திக் குவித்ததில் எடுத்தது. ஒன்று தெற்கு மேட்டில் அவள் உருவியது. அண்ணனின் தாடையைப் பிடித்தாள்.

"கடி."

"என்ன ஆத்தா இது, எல்லாரும் பார்க்காங்க..."

"பார்க்கட்டும். கடி. முப்பது வருஷம் இதை வச்சுச் சாப்பிட்ட. ஒரு தரம் இதையே சாப்பிட்டுப் பாரு."

கடித்தான். துப்பினான். அவன் உள்ளங்கையில் அவள் சுண்ணாம்பைத் தேய்த்தாள். கலங்கின மஞ்சள், அவ்வளவுதான். இரண்டாவது வேரைக் கடித்தான். துப்பினான். தேய்த்தாள். கை நடுவில் மாதுளம் பழம் வெடித்த மாதிரி சிவப்பு.

"இது நம்ம ஆத்தா பல்லு. அவுக ஆத்தா பல்லு. இதை ஓலையில எழுதி வித்தியே, எந்த இடத்துல எழுதியிருக்கு, காட்டு!"

சங்கிலி கையை மடக்கவில்லையாம். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றானாம்.

இத்தோடு புத்தி வந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அருணகிரிக்கு என்ன புரிந்தது? நல்ல வேர் தெற்கு மேட்டில் இருக்கிறது என்பது மட்டும்தான் புரிந்தது. இத்தனையும் கேட்டுவிட்டு அவன் பிடித்துக்கொண்டது அதைத்தான். "தெற்கு மேட்டை வெட்டுங்கடா" என்றான்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு மேடு. விதை உதிர்க்க நின்ற செடிகள் அங்கேதான் இருந்தன. அதுவும் போனால் அடுத்த வருஷம் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை, என்றைக்குமே இல்லை. சடைச்சிக்குத் தெரியும். மறுநாள் விடியலில் மண்வெட்டிக்காரர்கள் போனபோது, மேட்டில் செடிகளுக்கு நடுவில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடந்தாளாம். அவள் கால்மாட்டில் ஒருத்தி. அந்தப் பெண்ணின் கால்மாட்டில் இன்னொருத்தி. மொத்தம் பதினேழு பேர், வரிசையாக.

"எந்திரிங்கம்மா, எங்களுக்கு வேலை இருக்கு" என்றானாம் ஒருவன்.

"எங்களுக்கும் வேலைதான். படுத்திருக்கோம்."

"இது என்னம்மா வேலை?"

"உங்க ஊர்ல விதைநெல்லைச் சோறாக்கித் தின்னுருக்கீங்களா?"

அவன் பசியில் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான் போல. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டானாம். அவன் பின்னால் பத்துப் பேர் போனார்கள். மற்றவர்களுக்கும் பெண்கள் கிடக்கிற மண்ணில் வெட்ட மனம் வரவில்லை.

ஆடி மாதம். முதுகுக்குக் கீழே மணல் கொள்ளி. முகத்துக்கு மேலே சூரியன். முதல் நாள் போயிற்று. இரண்டாம் நாள் அருணகிரி தானே மண்வெட்டியை வாங்கி, சடைச்சியின் கை பக்கத்தில் ஓங்கி வெட்டினான். இடது கையில் இரண்டு விரல் போயிற்று. அந்த ரத்தம்தான் நம் துணியின் சிவப்பு என்று பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் உண்டு. பொய். ரத்தம் துவைத்தால் பழுப்பாகும். இது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவள் ரத்தத்தைப் பாடினால் அவள் அறிவைப் பாட வேண்டியதில்லை, அதற்காகத்தான் அந்தப் பாட்டு. அவளுக்குத் தெரிந்ததுதான் சிவப்பு. ரத்தம் எல்லோருக்கும்தான் இருக்கிறது.

விரல் போயும் எழுந்திருக்கவில்லை. சேலை முந்தியைச் சுற்றிக்கொண்டு கிடந்தாள். அன்று சாயங்காலம் சங்கிலி மேடேறி வந்தானாம். வாழ்நாளில் முதல் தரம். தங்கச்சியைப் பார்த்தான், சுற்றிய முந்தியைப் பார்த்தான். பக்கத்தில் படுக்கப்போனான்.

சடைச்சி கண்ணைத் திறக்காமல் சொன்னாளாம்: "தள்ளிப் படு. அங்க செடி நிக்கிது."

மூன்றாம் நாள் காற்று எழுந்தது. எல்லா ஆடியிலும் எழுகிற காற்றுதான். ஆனால் அதுவரை மணலைப் பிடித்து நிறுத்திய வேர் வடக்கு மேட்டில் இல்லை, நடு மேட்டில் இல்லை. மேடு எழுந்து நடந்தது. அருணகிரியின் கொட்டகையில் ஏறியது. குவித்துவைத்த வேரை மூடியது. பல்லக்கை மூடியது. மத்தியானத்துக்குள் ஊர்க் கிணறு கைப்பிடிச் சுவர் வரை மணலாக நின்றது. குடிக்கத் தண்ணீர் இல்லை, தோய்க்கத் தண்ணீர் இல்லை. தெற்கு மேடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதன் மேல் பதினேழு பெண்களும் ஓர் ஆணும் கண்ணை மூடிக் கிடந்தார்கள்.

அருணகிரி போனான். தெய்வம் அவனை அடித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடிக்கவில்லை. வேறு கரைக்குப் போனான், வேறு மேட்டைக் குத்தகைக்கு எடுத்தான், மாடி வீட்டில் வயதாகிச் செத்தான். அந்தக் கரையில் இன்றைக்கு வேரும் இல்லை, ஊரும் இல்லை, சொல்ல ஒரு கதையும் இல்லை.

நம் ஊரில் அதற்குப் பிறகு ஐந்து வருஷம் யாரும் கம்பு வைக்கவில்லை. சடைச்சி வைக்கவிடவில்லை. நண்டு தின்றார்கள், பனங்கிழங்கு தின்றார்கள். காப்பாற்றியவளையே திட்டினார்கள். "இவளாலதான் பட்டினி" என்று அவள் காதுபடச் சொன்னார்களாம். அவள் உதிர்ந்த விதை கிடக்கும் மேல்மணலை எட்டு விரலால் வாரி, கூடையில் சுமந்து, நடு மேட்டிலும் வடக்கு மேட்டிலும் பரப்பிக்கொண்டே இருந்தாளாம். ஐந்தாம் வருஷம் பெய்த மழைக்குப் பிறகு முதல் வேரைச் சங்கிலிதான் கடித்தானாம். கடித்து, துப்பி, தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உலைக்குத் தீ மூட்டினானாம்.

அன்றைக்கு அவள் போட்ட வழக்கம்தான் இது. தோண்டப் போகிறவள் முதலில் கம்பைக் கீழே வைத்துவிட்டு மேட்டில் நீட்டிப் படுக்க வேண்டும். படுத்த நீளத்துக்கு உச்சந்தலையிலும் உள்ளங்காலிலும் கோடு போட வேண்டும். அந்த ஆள் நீளத்தை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைக் கிளறலாம். ஒவ்வொருத்தியும் தன் உடம்பளவு மண்ணை நாளைக்கு விட வேண்டும். சாயக்காரன் கடிக்காமல் உலை மூட்டக் கூடாது. தெற்கு மேட்டில் மட்டும் யாரும், எப்போதும், கம்பு வைக்கக் கூடாது. அதற்குக் கிடந்தாள் மேடு என்று பேர்.

நான் கல்லூரியில் படித்த புத்தகத்தில் இந்தச் செடிக்குப் பேர் இருந்தது, குடும்பம் இருந்தது, வேரில் இருக்கும் சத்து இருந்தது. கடித்துப் பார்த்தவள் இல்லை. படுத்துக் கிடந்தவள் இல்லை. அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினேன். பிறகு மூடிவைத்தேன்.

இவ்வளவுதான். வெயில் ஏறிவிட்டது. கம்பை எடுக்கிறவர்கள் எடுங்கள். எடுப்பதற்கு முன் படுங்கள்.

காரில் வந்தவர் நாளைக்குப் பதில் கேட்டு வருவாராம். வரட்டும். மோர் கொடுங்கள், உட்காரவையுங்கள். ஒரு வேரைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் "இந்த ஒரு வருஷம் மட்டும்" என்றால், கிடந்தாள் மேட்டுக்குக் கூட்டிவாருங்கள். பதினேழு பேர் படுத்த இடம் அது. நாம் நாற்பது பேர் இருக்கிறோம். செடியை மிதிக்காமல் நெருக்கிப் படுத்தால் எல்லோருக்கும் இடம் இருக்கும்.