வேரில் ஒட்டிய சொந்தம்

"ஏங்க, வேரைத் தட்டாதீக. சொந்தக்காரவுக உதுந்துருவாக!"

கடலாடியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் தன் கணவரிடம் இப்படிச் சொன்னதும் நான் எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் மண்ணோடு இரண்டு மிளகாய்ச் செடிகள். ஒன்று வாடித் தொங்கியது, மற்றது பச்சையாக இருந்தது. பிடுங்கிய செடியை உதறியே பழகிய கை அவருடையது.

"யாருடி சொந்தக்காரவுக?"

"வேரு மண்ணுல கண்ணுக்குத் தெரியாத உசுருக இருக்காம்ல. அதப் பாக்கத்தான மண்ணோட கொண்டாரச் சொன்னாரு விவசாய ஆபீசரு. ரகத்துக்குத் தக்கன செடி அதுகளக் கூப்புட்டு வச்சுக்கிருமாம். நல்லதுக சேந்துச்சுன்னா நோயை அண்டவிடாதாம்."

"ஒரே வயலு, ஒரே தண்ணி. நான் கடையில வாங்குன வெதை வாடிருச்சு. ஒங்கய்யா வீட்டு வெதை மட்டும் நிக்குது."

"அது ஆளுகளச் சேத்துக்கிருச்சு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராமநாதபுரம் நெருங்கும்போது மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"ஒந்தம்பி பொங்கலுக்கு வாரேன்னானா?"

"கூட்டத்தோட வாரேன்னான். நீங்கதான் மொணங்குவீகளேன்னு நான் பதிலே சொல்லல."

"வரச் சொல்லு" என்றவர், தோள் துண்டை எடுத்து மண் உதிராமல் வேரைச் சுற்றினார். "வீடும் நிக்கணும்ல."