இடது கண்ணு

சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஹெல்மெட்ட எண்ணச் சொன்னா இவன் தன் உடம்பயே தடவிக்கிட்டு நிக்கிறான்னுதானே? உங்க கடற்கரையில பத்து வெரலு முடிஞ்சா பூட்ஸக் கழட்டணும். எங்க ஒக்சாப்மின் மலையில வலது கட்டவெரல்ல ஆரம்பிச்சு, மணிக்கட்டு, தோளு, காதுன்னு ஏறுனா வலது கண்ணு பதிமூணு, மூக்கு பதினாலு. அப்புறம் எடது பக்கமா எறக்கம். எடது சுண்டுவெரலு இருவத்தேழு. கணக்கெல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு. வழிமுறை எழுதாம விடைய மட்டும் எழுதுறேன்னுதான் வாத்தியாரு பள்ளிக்கூடத்த விட்டே தொரத்துனாரு.

என்ன லூக்கா? பாத்துட்டியா. ஆமா, மூக்குக்கு அப்புறம் எடது கண்ணத் தொடல. பதினஞ்ச வாயால சொல்லிட்டு காதுக்குப் போயிட்டேன். மொகம் கழுவும்போதும் அதுல கை வைக்கிறதில்ல. தொட்டா, மூடுன எமைக்குள்ள யாரோ நடக்குற மாதிரி இருக்கும். பொண்ணுங்களுக்குக் கண்ணடிக்கவா? அதுக்கு வலது கண்ணு இருக்குடா.

போன வருச மழையில, ஆத்துக்கு அந்தாண்ட தோட்டத்துலேர்ந்து பதினஞ்சு பேரு கொடிப்பாலத்துல வரணும். ஆத்துல மொத்த மொத்த மரமா அடிச்சுட்டு வருது. எல்லாரும் வந்ததும் நம்ம கரையில பாலத்த வெட்டி விட்ருவோம். இல்லேன்னா மரம் மாட்டி இழுத்து, அது தூணையே பேத்துட்டுப் போயிரும். கோடாலியோட மேட்டுல எங்கண்ணன் ஹோசியா. கரையில ஆள எண்ண நானு. தண்ணிச் சத்தத்துல கத்துனா கேக்காது. எண்ணி முடிச்ச எடத்தத் தொட்டுக் காட்டணும். எல்லாரும் எலக்கொடையப் போத்திக்கிட்டு வர்றாங்க, மேலருந்து மொகம் தெரியாது. பாலத்துல பாதிக்கு அந்தாண்ட பஞ்சு மாதிரி மேகம்.

நான் எடது கண்ணத் தொட்டேன். அண்ணன் வெட்டுச்சு.

மேகத்துக்குள்ள இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க. அண்ணி தெல்மா. அவ முதுகுப் பையில அவ புள்ள. பேரு கூட வைக்கல.

ஊர்ல யாரும் என்னய ஒண்ணும் சொல்லல. அவங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சாங்க. பய எடது கையால தூணப் பிடிச்சிருந்தான், வலது கையால எடது பக்கத்துலேர்ந்து எண்ணியிருக்கான், அப்ப பதிமூணு எடது கண்ணுலதானே வரும், ஹோசியா அதப் பதினஞ்சுன்னு எடுத்துக்கிட்டான், பாவம், கை மாறிப்போச்சுன்னு. அண்ணனும் அதத்தான் நம்புது. நேத்து கூட ஆள் விட்டிருக்கு, கை செஞ்ச தப்புக்கு நீ என்னடா பண்ணுவ, வீட்டுக்கு வான்னு.

போகலாமே, ஏன் போகலன்னா கேக்குற?

கை மாறலடா. எங்க ஊரு பாஸ்டர் சேத்துல வழுக்குற மாதிரி நடிச்சுக் காட்டி, வர்றவங்களச் சிரிக்க வச்சுக்கிட்டிருந்தேன். கழுத்தோட, பதினொண்ணோட எண்ணுறத விட்டுட்டேன். குளிரு வேற. வரவேண்டியது பதினஞ்சு பேரு, விடை தெரியும்ல? நேரா கண்ணுல வெரல வச்சேன்.

நான் எண்ணவே இல்ல.