அலமாரிக்குள் நாலு செடி

— முதல்ல அந்த அலமாரிக் கதவைச் சாத்துங்க அண்ணி. பார்த்துக்கிட்டே நின்னா செத்தது எழுந்து வந்துடுமா?

— சாத்தினா மட்டும் வந்துடுமா? மூணு தொட்டி காலி. ஒண்ணுல ஒரு நோஞ்சான். மத்தியானம் வெய்க்கோ வந்து திறந்து பார்க்கிறப்ப நீதான் பதில் சொல்லணும் ஐலா, சொல்லிட்டேன். உன் அண்ணன்தானே.

— உங்க புருஷன்தானே.

— என் தெய்வமே, இந்த வாய் மட்டும் குறையவே மாட்டேங்குது. ஸ்கூல் பஸ் ஓட்டறவளுக்கு எதுக்கு இவ்வளவு வாய்?

— பின்னாடி அத்தனை பிள்ளைங்க கத்துறப்ப வாய் இல்லாம எப்படி ஓட்டறது? அது கிடக்கட்டும். ஆஸ்பத்திரி வண்டி எப்ப வருதாம்?

— சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி கொண்டுவந்து விட்டுடறோம்னாங்க. நவம்பர்ல விழுந்தவன், மார்ச்சுல எழுந்து நடந்து வரான். அதை நினைச்சு நாலு நிமிஷம் சந்தோஷப்பட விடுதா இந்தக் கஞ்சாச் செடி?

— மெதுவா சொல்லுங்க.

— எதுக்கு மெதுவா? வீட்டுக்கு நாலு செடி வரைக்கும் வெச்சுக்கலாம்னு சட்டம் வந்து எவ்வளவு காலமாச்சு. கனடாவுல இந்தத் தண்டர் பே ஊர்ல பாதி வீட்டு ஜன்னல்ல தக்காளிக்குப் பதிலா அதுதான் நிக்குது. போலீஸ்காரன் வந்து இதைப் பார்த்தாலும், 'ஐயோ பாவம்'னு தொட்டியைத் தடவிக் குடுத்துட்டுத்தான் போவான். எனக்குப் போலீஸைப் பத்திப் பயமில்ல. நேத்து ஆஸ்பத்திரியில நீ பார்த்தேல்ல? நாலு விரலைத் தூக்கிக் காட்டினான்.

— தினமும்தான் காட்டறார்.

— நீ என்ன சொன்னே?

— நாலும் நல்லா இருக்குன்னு சொன்னேன்.

— உயரமா வளர்ந்துடுச்சுன்னும் சொன்னே.

— நீங்க போன்ல போட்டோவே காட்டினீங்க! செடிக்கு உரம், விளக்கெல்லாம் விக்கறாரே, அந்தக் கடைக்காரர் வீட்டுச் செடி. அண்ணன் அதைப் பார்த்துட்டு இடது கையால உங்க கன்னத்தைத் தடவினார்.

— அதைச் சொல்லாதே. என்ன பண்ணச் சொல்றே? மனசு நோகற மாதிரி எதையும் சொல்லாதீங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மூளையில ரத்தம் அடைச்சு பேச்சு போயிடுச்சு. இத்தனை மாசமா அவன் வாயில வர்றது ஒரே ஒரு வார்த்தை. காப்பி வேணுமா? 'யோ.' ஜன்னலைச் சாத்தவா? 'யோ.' நான் யாருன்னு தெரியுதா? 'யோ.' உங்க பின்லாந்து பாஷையில ஆமான்னு அர்த்தம். முப்பது வருஷமா நான் கேட்ட எதுக்கும் ஆமா சொல்லாத மனுஷன், இப்ப ஆமாவைத் தவிர வேற எதுவும் சொல்ல மாட்டேங்கறான்.

— சிரிக்கிறதா அழறதான்னு தெரியல அண்ணி.

— எனக்கு மட்டும் தெரியுதா?

— சரி. இந்தப் பையைப் பிடிங்க.

— என்ன இது?

— செடி. மூணு.

— ஐலா. இது பிளாஸ்டிக்.

— கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க.

— தள்ளி நின்னா உயிர் வந்துடுமா? பல் டாக்டர் கிளினிக் வாசல்ல தூசி படிஞ்சு நிக்குமே, அது! இலை அஞ்சு விரலா இருக்கணும்டி. இது என்னமோ சீப்பு மாதிரி இருக்கு. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கல நீ.

— கிழிச்சுக்கலாம். அண்ணனுக்கு வலது பக்கம் பார்வை படறதில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? தட்டுல வலது பக்கம் இருக்கிற உருளைக்கிழங்கை அப்படியே விட்டுடறாரே. உயிரோட இருக்கிற செடியை இடது பக்கம் வெச்சுட்டு, இதையெல்லாம் வலது பக்கம்...

— அவனுக்குக் கண் தெரியாத பக்கத்துல பிளாஸ்டிக்கை வெக்கலாங்கறே.

— கொஞ்ச நாளைக்கு. உடம்பு தேறற வரைக்கும்.

— நல்ல தங்கச்சிடி நீ. ஏமாத்தறதுக்கு என்ன ஒரு மூளை!

— போட்டோ காட்டினதுக்கு என்ன பேரோ, இதுக்கும் அதே பேருதான்.

— சரி. அந்தக் குத்தை வாங்கிக்கிட்டேன். உக்காரு. கட்டில்லயே உக்காரு. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியல. அவன் என்ன கேட்டான்? ராத்திரி தோள்பட்டை வலிக்குது, கடையில வாங்கிக் கட்டுப்படியாகல, நாமளே நாலு செடி வெச்சுப்போம்னான். தானியக் கிடங்குல மூட்டை தூக்கியே தேஞ்சுபோன தோள். நானும் சரின்னேன். நாம ரெண்டு பேரும் என்ன குறை வெச்சோம்? ஏன் இப்படி ஒண்ணொண்ணாப் போச்சு?

— மண்ணுலேயே ஆரம்பிச்சுது. காசு மிச்சம் பண்றேன்னு அண்ணன் பின்பக்கத் தோட்டத்து மண்ணை வெட்டி ரொப்பினார். வெளிய இருக்கிற வரைக்கும் நல்ல மண்ணுதான். தொட்டிக்குள்ள போனதும் செங்கல்லாயிடுச்சு. கூடவே குட்டிக் குட்டியா ஈ. என் காப்பிக்குள்ள வந்து நீச்சல் அடிச்சுது.

— அவன் செஞ்சது அது ஒண்ணுதான். விளக்கு யாரு வாங்கினது?

— பழைய சாமான் விக்கற வீட்ல வாங்கினேன். நல்லாத்தானே எரிஞ்சுது?

— நல்லா எரிஞ்சுது. செடியும் சேர்ந்து எரிஞ்சுது. தலையில தொப்பி மாட்டின மாதிரி தொங்கவிட்டே. 'கிட்ட இருந்தா சீக்கிரம் வளரும் அண்ணி'ன்னே. அந்த ஜன்னல் பக்கத்துச் செடி, இலையைத் தொட்டா நொறுங்கிப் போச்சு, நான் அடுப்புல மறந்துட்ட ரொட்டி மாதிரி.

— நடுவுல இருந்ததை யாரு கொன்னது? அது பூ விட்டுது அண்ணி. கொழுகொழுன்னு. நான் போட்டோ எடுத்து அண்ணன்கிட்ட காட்டணும்னு இருந்தேன், நிஜமான போட்டோ. நீங்கதான் அலமாரி இடுக்கு முழுக்க டேப் ஒட்டி அடைச்சீங்க.

— வேற வழி? ஜனவரியில எங்க யுக்ரேன் சர்ச் பாதிரியார் புனித நீர் தெளிக்க வீட்டுக்கு வந்தார். இந்த ரூம் வாசல்ல வந்ததும் மூக்கைத் தூக்கிட்டு நின்னார். 'டாரியா, வீட்டுக்கு அடியில ஸ்கங்க் ஏதாவது புகுந்துடுச்சாம்மா? வாலைத் தூக்கினா ஊரே நாறுமே'ன்னார். நான் ஆமா ஃபாதர்னேன். பாவம், அலமாரிக்கும் சேர்த்து ரெண்டு தடவை தெளிச்சுட்டு, அந்தப் பிராணி நல்லபடியா வெளிய போகணும்னு ஜெபமும் பண்ணிட்டுப் போனார்.

— அன்னிக்கு ஒட்டினது டேப்பு.

— அன்னிக்கேதான். காத்து போகாம ஈரம் உள்ளேயே நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் பிரிச்சுப் பார்க்கிறேன், பூ முழுக்கச் சாம்பல் கலர்ல பஞ்சு. பூஞ்சை. கையால தொடக்கூட முடியல. சரி, அது என் கணக்கு. முதல்ல செத்துதே, கதவோரத்துல, அது யார் கணக்கு?

— அது யாரும் பண்ணல. வேர் அழுகிப் போச்சுன்னு கடைக்காரர் சொன்னார். தண்ணி ஜாஸ்தியாம். புதுசா வளர்க்கிறவங்க எல்லாரும் முதல்ல பண்றதே இதுதானாம். ஆனா நான் அளவாத்தானே ஊத்தினேன்?

— நீ எப்ப ஊத்தினே?

— காலையில. பஸ் எடுக்கப் போறதுக்கு முன்னாடி.

— தினமுமா?

— வாடின மாதிரி தெரிஞ்சுது. ஊத்திட்டுப் போயிடுவேன்.

— ஐலா. நான் சாயந்திரம் ஊத்தினேன்.

— என்னது?

— பேக்கரியிலேருந்து வந்து செருப்பைக்கூடக் கழட்ட மாட்டேன். நேரா இங்கதான். தொங்கிப்போய் நிக்குமா, ஐயோ தாகம்னு ஒரு ஜக்கு ஊத்துவேன்.

— தாகம் இல்ல அண்ணி, அது மூழ்கிக்கிட்டு இருந்திருக்கு! மண்ணு ஈரமா இருந்திருக்குமே, தொட்டுப் பார்க்கலியா?

— நீ தொட்டுப் பார்த்தியா?

— இல்ல.

— ஒரே வீட்ல இருக்கோம். 'நான் ஊத்திட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?

— நமக்குள்ள எங்க பேச்சு இருந்துது? ஐ.சி.யூ. வாசல்ல, ஒருத்தர்தான் உள்ள போகலாம்னு நர்ஸ் சொன்னப்ப, நீங்க என்னைத் தள்ளிட்டுப் போனீங்க. அதுக்கப்புறம் நான் கீழ் ரூம்லயே சாப்பிட்டேன். அவங்களுக்கு இந்தச் செடி மேல என்ன அக்கறை, ஊத்த மாட்டாங்கன்னு நினைச்சேன்.

— நானும் அதையேதான் நினைச்சேன். இவளுக்கு என்ன, பஸ்ஸு, தூக்கம். நான் விட்டா இது செத்துடும்னு.

— தள்ளினது வலிச்சுது அண்ணி.

— தெரியும். நீயும் என் ஸ்கார்ஃபைப் பிடிச்சு இழுத்தே.

— இழுத்தேன்தான்.

— விடு. மிச்சம் நிக்கிற இந்த நோஞ்சானுக்கு என்ன கேடு? இலை இருக்கு, உயரம் இருக்கு. ஒரு மொக்கு இல்ல.

— நேத்து அதைத்தான் போய்க் கேட்டேன். இது பூக்கணும்னா ராத்திரி மாதிரி முழு இருட்டு வேணுமாம். விளக்கு அணைஞ்சுதுன்னா மறுபடி ஏத்தற வரைக்கும் பொட்டு வெளிச்சம் படக்கூடாதாம். நடுவுல பட்டா செடி குழம்பிப் போயிடுமாம். 'யாராவது நடுவுல கதவைத் திறக்கறீங்களா'ன்னு கேட்டார். எங்க வீட்ல யாரு திறக்கப் போறான்னு சொல்லிட்டு வந்தேன்.

— அந்தக் கடைக்காரனுக்கு வேற வேலை இல்ல. பேசிக்கிட்டே இருப்பான்.

— அண்ணி, திறந்தீங்களா?

— இது அவன் துணி அலமாரி ஐலா. செடி வெக்கறேன்னு கோட்டு, சட்டையெல்லாம் அள்ளி வெளிய போட்டான். ஆனா மரத்துல அவன் வாசனை அப்படியே இருக்கு. கட்டில்ல அந்தப் பக்கம் காலியா இருந்தா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. டேப்பைப் பிரிச்ச நாள்லேருந்து ராத்திரி விளக்கைப் போட்டுட்டு, கதவைத் திறந்து வெச்சுட்டு, இதோ இங்கதான் உக்காருவேன்.

— உக்காந்துக்கிட்டு?

— சண்டை போடுவேன்.

— செடியோடயா!

— வேற யாரோட போடறது? ஆஸ்பத்திரியில அவன்கிட்ட போட முடியுமா? 'ஏன்டா அன்னிக்கே கை மரத்துப்போகுதுன்னு சொல்லல'ன்னு கேட்டா, 'யோ'ங்கறான். இதுகிட்ட கேட்பேன். இதுவும் பதில் சொல்லாது. ஆனா தலையாட்டாமலாவது நிக்குமே.

— அழாதீங்க அண்ணி.

— அழல. இந்த ஈ கண்ணுல விழுந்துடுச்சு.

— ஈ எல்லாம் எப்பவோ செத்துப் போச்சு.

— அப்ப அழறேன். உனக்கென்ன? இந்தப் பிளாஸ்டிக்கை எடுத்துட்டுப் போய் உன் பஸ்ஸுல மாட்டிக்கோ.

— அண்ணன்கிட்ட என்ன சொல்றது?

— உள்ளதைச் சொல்றது. மனசு நொந்தா நொந்துட்டுப் போகட்டும், பக்கத்துல நான் இருக்கேன். அவனுக்குக் கண் தெரியாத பக்கத்தை வெச்சு விளையாட என்னால ஆகாது. நான் சொல்லிக்கறேன்.

— பாதி தண்ணி என்னது. நானும் சொல்றேன்.

— அது என்ன சத்தம்?

— வண்டிதான். வந்துட்டாங்க!

— என் தெய்வமே, என் தலை எப்படி இருக்கு? வாசப்படியில ஐஸ் இருக்குமே, உப்புப் போட்டியா?

— போட்டேன், போட்டேன். நீங்க போய்க் கதவைத் திறங்க.

— மெதுவா. தடி முதல்ல, அப்புறம் கால். அவசரமே இல்ல. அவ்வளவுதான் வெய்க்கோ, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்துட்டே.

— யோ.

— கோட்டைக் கழட்டிக் குடு அண்ணா. கையை இப்படி விடு. குளிருதா?

— யோ.

— ஏலக்காய் ரொட்டி பண்ணியிருக்கேன், உங்கம்மா பண்ற மாதிரியே முறுக்கி. காப்பியும் இருக்கு. முதல்ல உக்காரு.

— அண்ணி, அவர் உக்கார வரல. நேரா உங்க ரூமுக்குப் போறார்.

— போகட்டும், விடு. வெய்க்கோ, நில்லு. அந்தக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளு. நாலும் நல்லா இருக்குன்னு சொன்னோமே, அது பொய். போட்டோ வேற யாரோடதோ. மூணு செத்துப் போச்சு. உன்னைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரல.

— அண்ணி மட்டும் இல்ல அண்ணா, நானும்தான்.

— இப்பத் திற. இரு, தலையை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. வலது பக்கமும் பாரு. ஆமா, அங்கயும் காலித் தொட்டிதான்.

— யோ...

— கோவமா அண்ணா?

— அவனைக் கேள்வி கேட்காதே. பார்க்கட்டும்.

— அண்ணி, அவர் அந்த நோஞ்சான் தொட்டி மண்ணுக்குள்ள விரலை விடறார்.

— த... தண்ணி.

— என்ன? வெய்க்கோ, என்ன சொன்னே?

— சேறு. சேறா... கிடக்கு. எந்தக் கழுதை... இதுக்கு... இவ்வளவு தண்ணி ஊத்தினது?

— அண்ணி! அண்ணன் பேசறார்...

— வாயை மூடு ஐலா. மூச்சுக்கூட விடாதே.

— விளக்கு... தலை மேலயே... எந்த மடச்சி மாட்டினா?

— மாட்டினது இவ. தண்ணி ஊத்தின கழுதை நான். நிறுத்திடாதே வெய்க்கோ, திட்டு, இன்னும் திட்டு!