விழுகிறவன் முகம்

டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்ததற்கு நன்றி, சார். போலீசுக்கு அரபியில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ரெங்கராஜ், ஊர் அருப்புக்கோட்டை, இருபது வருடம் கட்-அவுட் வரைந்தவன்.

அல் ஐனில் கட்டுகிற அந்த ஹோட்டலில், கல்யாண மண்டபத்துக்காக, எழுநூறு வருடப் பழமையான இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயம் ஒன்றை அப்படியே நகலெடுத்தார்கள். குட்டைக் கல் தூண்கள், கை நுழைகிற அகலத்துக்கு ஜன்னல்கள், நடுவில் கூரான பெரிய வளைவு. வளைவுக்கு மேலே தீர்ப்பு நாள் ஓவியம். ஏசுவின் வலது கைப் பக்கம் நல்லவர்கள் மேலே போகிறார்கள்; இடது கைப் பக்கம் பாவிகள் ஒரு பெரிய மீனின் வாய்க்குள் விழுகிறார்கள். மூலப்படத்தில் முகங்கள் அழிந்திருந்தன. முகமெல்லாம் உன் இஷ்டம் என்று இன்ஜினியர் அனந்தகிருஷ்ணன் விட்டுவிட்டார். தங்கமான மனிதர்.

அப்புறம், தங்கள் முகத்தை வரையச் சொல்லி, லேபர் கேம்ப்பே என் பின்னால் சுற்றியது. என் ரூம்காரன் அழகுமலைக்குத்தான் அவசரம் அதிகம்.

"அண்ணே, நம்மள வலது பக்கம் போட்டுருங்க. வலதுதான் ராசி."

கீழே நின்று பார்க்கிறவனுக்கு வலது என்றால் ஏசுவுக்கு இடது. அதை நான் சொல்லவில்லை. கேட்ட இடத்தில் போட்டேன்.

அவன் பெருமையாகப் படமெடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறான். மீன் வாய்க்குள் புருஷன் விழுவதைப் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியான ராக்கம்மா மூன்று நாள் சாப்பிடவில்லையாம். அழித்துவிடச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அந்த முகம் பிடிக்கவில்லை. சிரிப்பு வரைவேன், அழுகை வரைவேன்; விழுகிறவன் முகம் மட்டும் பல்வலிக்காரன் மாதிரி வந்திருந்தது. கண்ணால் பார்க்காததை எப்படி வரைவது?

மறுநாள் அதைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதுச் சுண்ணாம்பு பூசினேன். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, வேறு முகமாக மாற்றிவிடலாம், வந்து பார் என்று அவனைச் சாரத்தில் ஏற்றினேன். என் பலகைக்குப் பக்கத்துப் பலகையைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பைக் காலையிலேயே கழற்றியிருந்தேன். சேஃப்டி பெல்ட் மாட்டப் போனவனிடம், இரண்டு நிமிஷ வேலைதானே என்றேன். தள்ளினேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் அவனைத் தொடவே இல்லை.

விழும்போது நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நான் நினைத்த மாதிரி வாய் திறக்கவில்லை, சார். எல்லாம் புருவத்தில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு காய்ந்தால் நிறம் பிடிக்காது; அதனால் அரை மணி நேரத்தில் முகத்தை முடித்துவிட்டு இறங்கிப் போய் ஆளைக் கூப்பிட்டேன்.

அதுவரை அவனுக்கு உயிர் இருந்தது என்று டாக்டர் சொல்கிறாராம். இருந்திருக்கும். கீழேயிருந்து "அண்ணே" என்று இரண்டு தடவை கூப்பிட்டான்.

"இந்தா, முடிஞ்சிருச்சுப்பா" என்றேன்.

கையில் எவ்வளவு வேலை இருந்தாலும், கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் நான் இருந்ததில்லை, சார்.