நம்பிராஜனின் மேல்பல்

ஹலோ!... ஹலோ! குத்தாலம் டாக்டரம்மாவா?... நான் தென்காசி மர டிப்போவுலேருந்து ஆவுடைநாயகம் பேசுதேன்... ஆமா, ஆமா, நம்பிராஜனுக்கு அண்ணந்தான். என் தம்பியை அங்கன எதுக்குக் கொண்டுட்டு வந்திருக்கு?... இல்ல, யாரைக் கேட்டு?

ஏலே அய்யாக்குட்டி, ரம்பத்தை நிறுத்துலே! ஒண்ணும் கேக்கல... ம், சொல்லுங்க.

பொஞ்சாதி கூட்டிட்டு வந்தாளா? அதைத்தான் நானும் கேக்குதேன். நான் செங்கோட்டைக்கு மரம் எடுக்கப் போய் மூணு நாளு. இன்னைக்கு வந்து பாத்தா வீட்டுல ஆளில்ல. நான் வாரதுக்குள்ள அவளுக்கு என்ன அம்புட்டு அவசரம்?... நான் சத்தம் போடலம்மா. என் தொண்டையே இப்படித்தான்.

வெளிப்படையாவே சொல்லுதேன். இது சீக்கு இல்ல, இடுமருந்து. அந்த இலத்தூர்க்காரி சோத்துல என்னமோ வச்சுக் குடுத்திருக்கா... ஆமா, அவன் பொஞ்சாதி தங்கபுஷ்பந்தான். வேற யாரு?... பின்ன என்ன? ஆறு மாசமா ஆளு உருகிட்டான். வாயைத் தொறந்தா நாத்தம். சாயங்காலமானா காய்ச்சல். நாலு படி ஏறினா நெஞ்சு படபடங்கு. தேக்குக் கட்டை மாதிரி இருந்தவன்!

பல்லா?... ஒத்தப் பல்லுலேருந்தா இம்புட்டும்? என்னைச் சின்னப்பிள்ளைன்னு நெனச்சியளா?... அவ சொல்லிக் குடுத்தாளா, இப்படிச் சொல்லச் சொல்லி?... சரி, சரி... சீழு ரத்தத்துல கலந்து... ம்... நெஞ்சு வரைக்குமா போகும்?

அப்ப இதுக்கு என்ன சொல்லுதிய? அடுப்பாங்கரையில, உப்புச் சட்டிக்குப் பின்னால ஒரு பொட்டலம். கருப்பா, தூளா. இந்தா, என் கையிலதான் இருக்கு. நாளைக்குக் கடையத்துலேருந்து, வயித்துல இருக்க இடுமருந்தை எடுக்குத ஆளு வாரான். இலத்தூருக்கும் ஆளனுப்பியாச்சு. அவ அய்யா வந்து நாலு பேரு முன்னால பதில் சொல்லணும்... என்னது?... மோந்து பாக்கவா?... இருங்க... ம்...

ஆமா. கிராம்பு வாசந்தான் அடிக்கு.

பல்லு வலிக்கு வச்சு அமுக்குனாளா?... தெனமுமா?... அப்ப அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?... இல்ல. சொன்னான். ரெண்டு வருசத்துக்கு முன்னால சொன்னான்.

புடுங்க விடாம தடுத்தது யாருன்னு ஏன் கேக்கிய?... அவ சொல்லிட்டாளா?... சொல்லலையா? ஒரு வார்த்தை கூடவா?...

நாந்தாம்மா. மேல்பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும்பாங்க. ஊர்ல எல்லாரும் சொல்லுததுதான். எந்தம்பி கண்ணு போயிரக் கூடாதேன்னுதான்... புடுங்கியாச்சா? காலையிலயேவா?... ஐயையோ, கண்ணு?... வலது கண்ணா?... தெறக்கவே இல்லையா?... பாத்தியளா, புடுங்கினதாலதான்... என்ன?... வரும்போதே அப்படித்தான் இருந்துச்சா... சீழு கண்ணுக்குப் பின்னால ஏறி... புடுங்காம விட்டதாலயா...

உசுருக்கு?... ரெண்டு நாள் போனாத்தான் தெரியுமா... கண்ணு?... அதைக் கேக்காண்டாமா... ம்... ம்...

டாக்டரம்மா, அவ பக்கத்துலதான் நிக்காளா?... போனை அவகிட்ட குடுங்க. தம்பி பொஞ்சாதிகிட்ட நான் நேருக்கு நேரா பேசுனதில்ல... பரவால்ல, குடுங்க.

எம்மா... தங்கபுஷ்பம்... மூத்தாருதான் பேசுதேன். நம்பி முழிச்சானா?... தாயி, நான் இப்பச் சொன்னதை... என்ன?... எல்லாமே கேட்டுச்சா?... மொதல்லேருந்தா?... ஆமா. அனுப்பிட்டேன், ஒங்க அய்யாவுக்கு... இல்லம்மா, ஆளைத் திருப்பிக் கூப்பிட்டுருதேன், இப்பமே... ஹலோ?... ஹலோ!

எக்ஸ்சேஞ்சா? லைன் அறுந்துட்டு அய்யா, திரும்பக் குடும்... அறுந்து போகலையா?...

அங்கனதான் போனை வச்சுட்டாகளா.