ஒண்டி மீன்

விழுப்புரத்தில் ரயில் நகர்ந்ததும் எதிர்ப் பலகையில் இருந்த பெண் தன் கணவனிடம், “அதுக்கு மூஞ்சி பாக்குற கண்ணாடியக் காட்டுய்யா” என்றாள். அவள் மடியில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதன் தண்ணீரில் விரல் நுனி அளவு ஒரே ஒரு மீன். நான் தினசரியை மடித்துவிட்டேன்.

“டாக்டரய்யா வூட்டு மீன்தொட்டிய யாரு உன்னத் தேய்க்கச் சொன்னாங்க?” என்றான் அவன்.

“பித்தள விளிம்பு கறுத்துக் கெடந்துச்சு. வெள்ளிக்கெழமையாச்சேன்னு வெளக்கோட சேத்து புளி போட்டுத் தேய்ச்சேன். அலசிட்டுத்தான்யா மீன வுட்டேன்.”

“கூட்டமே செத்துப்பூட்டுது. இது ஒண்ணு மூலையிலயே நின்னுக்கினு எரயத் தொடமாட்டேங்குது.”

“திண்டிவனத்துல எங்கண்ணன் சமைக்கிற பங்களாவுல இதே சாதி மீனு இருக்குது. அதுங்களோட வுட்டா தின்னும். அய்யா ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள நாலஞ்சு கேட்டு வாங்கிக்கினு வந்துடலாம். அதுவரைக்கும் இது உசுரோட இருக்கணுமே.”

அவன் கண்ணாடியைப் புட்டியோரம் பிடித்தான். மீன் மெல்லத் திரும்பி, கண்ணாடியில் தெரிந்த மீனிடம் போய் நின்றது. அவள் தூவிய பொரித்தூளைக் கவ்வியது.

விக்கிரவாண்டி தாண்டியதும், “கை கடுக்குதுடி” என்றான்.

“எடுத்துடாதய்யா. ஒண்டியாத்தான் கெடக்குறோம்னு அதுக்குத் தெரிஞ்சுடப் போவுது.”